அந்த வாசலில் செருப்பு கிடந்தது

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 19 வயது. சொந்த ஊர் கோயம்புத்தூர். எங்கள் குடும்பம் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தது. வெளியே எங்களை மார்மன்கள் என்பார்கள். பிளஸ் டூ முடித்துக் கொஞ்ச நாள் அப்பாவின் லேத் பட்டறையில் இருந்துவிட்டு, மிஷனரியாகப் பிலிப்பீன்ஸ் வந்தேன். 24 மாத ஊழியத்தில் ஒன்பது மாதம் முடிந்திருக்கிறது.

இப்போது இருப்பது லகூனா மாகாணத்தில் சான் பாப்லோ. ஏழு ஏரி உள்ள ஊர். எங்கு பார்த்தாலும் தென்னை, பொள்ளாச்சிப் பக்கம் போன மாதிரி இருக்கும். பெரிய ஏரியின் பெயர் சம்பாலோக். தகாலோக் மொழியில் அதற்குப் புளி என்று பொருள். வந்த புதிதில் அதைக் கேட்டதும் அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

காலை ஆறரைக்கு எழுவோம். உடற்பயிற்சி, ஜெபம், வேத வாசிப்பு, கம்பானியனோடு சேர்ந்து பாடம் தயாரிப்பது. அப்புறம் வெள்ளைச் சட்டை, டை, கறுப்பு நேம் பேட்ஜ். கம்பானியன் என்றால் கூடவே ஊழியம் செய்யும் இன்னொரு மிஷனரி. எங்கே போனாலும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போக வேண்டும், இரவு ஒரே அறையில்தான் தூங்க வேண்டும். இங்கே வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. கேட்டுக்கு வெளியே நின்று “தாவோ போ” என்று குரல் கொடுப்போம். ஆள் வந்திருக்கோம்ங்க என்கிற மாதிரி. அந்தப் ‘போ’ நம் ஊர் ‘ங்க’வேதான்.

இரண்டு மாதமாக ஓர் அக்காவுக்குப் பாடம் நடத்தி வந்தோம். தெருவோரத்தில் சாரி-சாரி கடை வைத்திருக்கிறார். கம்பி வலைக்குள்ளிருந்து ஷாம்பு பாக்கெட்டும் காப்பித்தூள் பாக்கெட்டும் விற்கும் சின்னப் பெட்டிக்கடை. கணவர் சவூதியில் வேலை செய்கிறார். ஞானஸ்நானத்துக்கு நாள்கூடக் குறித்தாயிற்று. போனில் கணவர் வேண்டாம் என்றுவிட்டார். கணவன், மனைவி இருவரில் ஒருவர் சம்மதிக்காமல் மற்றவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்பது எங்கள் சபை விதி. அந்தச் சனிக்கிழமை போய்க் குரல் கொடுத்தோம். அவருடைய சின்ன மகள் வந்து, “வாலா போ சி மாமா” என்றாள். அம்மா இல்லைங்க என்று அர்த்தம். அக்காவின் பச்சைச் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

வாராவாரம் நாங்கள் கணக்கு அனுப்ப வேண்டும். புதிதாக எத்தனை பேருக்குப் பாடம், ஞாயிறு திருவிருந்துக்கு எத்தனை பேர், எத்தனை பேருக்கு ஞானஸ்நானத் தேதி. அந்த வாரம் கடைசிக் கட்டத்தில் நான் பூஜ்யம் போட்டேன். அதற்குப் பிறகு ஐந்து வாரமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு இறுக்குகிறது. சோறு இறங்கவில்லை. ஜெபம் செய்தால் வார்த்தை வரவில்லை. கம்பானியன் தாவாவோக்காரர், நல்லவர், இரண்டு நிமிடத்தில் யாரையும் சிரிக்க வைத்துவிடுவார். அவரைப் பார்க்கும்போது நான் எதற்கு இங்கே வந்தேன் என்று தோன்றுகிறது. சில நாள் சாலையைக் கடக்கும்போது, ஒரு ஜீப்னி வந்து இடித்தால் நல்லது, யார் முன்னாலும் தலைகுனியாமல் ஊர் போய்ச் சேரலாம் என்று நினைப்பு வருகிறது.

அப்பா சீட்டு எடுத்துத்தான் என்னை அனுப்பினார். எங்கள் ஆத்தா இன்னும் முருக பக்தை. நான் கிளம்பியபோது மருதமலைக்குப் போய் எனக்காக வேண்டிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை வீடியோவில் அம்மா, “எப்படி இருக்கற சாமி?” என்று கேட்பார். “சூப்பரா இருக்கேன்மா” என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். பாதியில் திரும்பிப் போனால் நான் தோற்றவனா? எனக்கு என்ன ஆயிற்று?

பெயர் வேண்டாம்,
சான் பாப்லோ, பிலிப்பீன்ஸ்

---

அன்புத் தம்பி,

ஜீப்னி பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன். தலைகுனிவு இல்லாமல் வீடு திரும்ப ஒரு விபத்து நடந்தால் தேவலை என்று மனம் கணக்குப் போடுகிறது என்றால், அது தாங்க முடியாத அளவுக்குச் சுமந்துவிட்டது என்று அர்த்தம். இதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றைக்கே கம்பானியனிடம் சொல்லுங்கள். அடுத்ததாக உங்கள் மிஷன் தலைவரிடமோ அவருடைய மனைவியிடமோ சொல்லுங்கள். மிஷனரிகளின் உடல்நிலையைப் பல இடங்களில் தலைவரின் மனைவிதான் கவனிக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். மிஷனரிகளுக்கென்று மனநல ஆலோசகர்களோடு பேசும் வழியும் உங்கள் சபையில் இருக்கிறது. கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் நேராகவே வந்தால், கம்பானியனை எழுப்பி அவரோடு அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிலிப்பீன்ஸ் தேசிய மனநல மையத்தின் உதவி எண் 1553. அதை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். ஐந்து வாரமாக விடியற்காலை விழிப்பு, நெஞ்சிறுக்கம், பசியின்மை, பிடித்த விஷயத்தில்கூட மனம் ஒட்டாமல் போவது. இவை மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து வரும்போது அடிக்கடி பார்க்கிற அறிகுறிகள். கடிதத்தை மட்டும் வைத்து இதுதான் என்று நான் முடிவு சொல்லக் கூடாது, ஒரு டாக்டர் உங்களை நேரில் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். ஜெபத்தில் வார்த்தை வரவில்லை என்பதை விசுவாசம் குறைந்ததன் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரக்கணக்கில் தூங்காதவருக்குக் கடைக்குப் போகும்போது என்ன வாங்க வந்தோம் என்பதே மறந்துபோகும். ஜெபத்தில் மட்டும் வார்த்தை எங்கிருந்து வரும்?

நான் உங்கள் சபையைச் சேர்ந்தவள் இல்லை. ஆனாலும் சில பிள்ளைகளோடு பேசியதில் உங்கள் வாழ்க்கை கொஞ்சம் பரிச்சயம். 2012 அக்டோபரில் ஆண் மிஷனரிகளுக்கான வயதை 19-லிருந்து 18-ஆகக் குறைத்தார்கள். அதனால் அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன் சட்டென்று இன்னொரு நாட்டில், இன்னொரு மொழியில், அந்நியர் வீட்டு வாசலில் நின்று கடவுளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. எந்த வயதுக்காரருக்கும் அது பெரிய வேலை. இருபத்து நான்கு மணி நேரமும் பக்கத்தில் ஒருவர் இருந்தும் மனதில் உள்ளதைச் சொல்ல ஆளில்லாமல் இருப்பதும் ஒரு தனிமைதான். அந்தத் தனிமையை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம்.

இப்போது அந்தப் பச்சைச் செருப்புக்கு வருவோம். அதைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது? அவர் என்னை ஒதுக்கிவிட்டார், நான் தோற்றேன் என்றுதானே? அந்த வீட்டுக்குள்ளே என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கணவர் கடல் தாண்டி உழைக்கிறார். அவருக்கு எதிராக ஒன்று செய்தால் குடும்பம் என்ன ஆகும் என்ற பயம். இரண்டு மாதமாக வீட்டுக்கு வந்துபோன, மரியாதை தெரிந்த இரண்டு பையன்களிடம் “வேண்டாம்” என்று முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அதனால்தான் குழந்தையை அனுப்பியிருக்கிறார். உங்களைப் பிடிக்காதவராக இருந்தால் அவர் இவ்வளவு சிரமப்பட்டிருக்கவே வேண்டாம், வலைக்குள்ளிருந்தே போகச் சொல்லியிருக்கலாம்.

கணவரின் சம்மதம் வேண்டும் என்பது உங்கள் சபையே போட்ட விதி. ஆக, அந்த வாரக் கணக்கில் நீங்கள் போட்ட பூஜ்யம் ஒரு குடும்பம் எடுத்த முடிவு. அதை உங்கள் மார்க்காக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வருவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. நீங்கள் நேரத்துக்குப் போனீர்களா, அவர் பேசியதைக் கேட்டீர்களா, புரியாததைப் பொறுமையாகச் சொன்னீர்களா என்பது உங்கள் கையில் இருந்தது. அதைத்தானே இரண்டு மாதம் செய்திருக்கிறீர்கள். கணக்கு அனுப்புவது நிர்வாகத்துக்குத் தேவை, அனுப்புங்கள். ராத்திரி படுக்கும்போது அந்தத் தாளைத் தலையணைக்கு அடியில் கொண்டுபோகாதீர்கள். உங்கள் கம்பானியன் சிரிக்க வைக்கிறார், சரி. ‘போ’வும் ‘ங்க’வும் ஒன்று என்று கண்டுபிடித்தது நீங்கள். அடுத்தவர் பேச்சை அந்த அளவுக்குக் கவனிப்பவர் முன்னால்தான் மனிதர்கள் மனம் திறப்பார்கள்.

திரும்பிப் போவதா, இருப்பதா என்பதை இந்த வாரம் முடிவு செய்யாதீர்கள். முதலில் டாக்டர், தூக்கம், சாப்பாடு. சில வாரச் சிகிச்சையில் தேறி ஊழியத்தைத் தொடரும் பிள்ளைகள் உண்டு. ஊர் திரும்பிச் சிகிச்சை எடுத்து நன்றாக இருப்பவர்களும் உண்டு. சொந்த ஊரில் இருந்தபடியே செய்கிற சேவை மிஷன் என்ற ஏற்பாடும் உங்கள் சபையில் இருக்கிறது. தேவைப்பட்டால் அதற்கு உங்கள் ஊரில் வழி உண்டா என்று தலைவரிடம் கேளுங்கள். பாதியில் திரும்பியவர்களை ஊர் ஒரு மாதிரி பார்க்கும் என்ற பயம் வீண் பயம் என்று பொய் சொல்ல மாட்டேன், சிலர் பார்ப்பார்கள். ஆனால் உங்கள் அப்பா சீட்டு எடுத்தது மகனுக்காக. காய்ச்சல் வந்த மகனை முதலில் வீட்டுக்கு வா என்றுதான் எந்த அப்பாவும் சொல்வார். இதுவும் காய்ச்சல் மாதிரிதான்.

எனக்கு அதிகக் கவலை தருவது அந்தத் திங்கட்கிழமைச் சிரிப்பு. 2019 பிப்ரவரிக்கு முன்னால் உங்களைப் போன்றவர்கள் வீட்டோடு பேச முடிந்தது வருடத்துக்கு இரண்டே தடவை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போது வாராவாரம் பேசலாம். கிடைத்த அந்த ஜன்னலைத் திறந்து வைத்து அதற்கு முன்னால் திரை போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். மகன் மெலிந்திருப்பது அம்மா கண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். “சூப்பரா இருக்கேன்” என்று நீங்கள் வைத்த பிறகு, அவரும் அங்கே தூங்காமல் புரண்டுகொண்டிருப்பார்.

வருகிற திங்கட்கிழமை துணி துவைத்து முடித்ததும் சந்தையில் கொஞ்சம் சம்பாலோக் வாங்குங்கள். மிளகும் பூண்டும் எப்படியும் கிடைக்கும். ரசம் வைத்துக் கம்பானியனுக்கும் ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுங்கள். அவர்கள் ஊர் சினிகாங் சூப்புக்குப் பழகியவர், புளிப்பு அவருக்குப் பிடிக்கும். அப்புறம் போனை எடுங்கள். அம்மா “எப்படி இருக்கற சாமி?” என்று கேட்டதும், சிரிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்: “அம்மா, அஞ்சு வாரமா எனக்குத் தூக்கமே இல்லைங்கம்மா.” மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.

டாக்டரைப் பார்த்த பிறகு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.