சென்னையில் இருந்துகொண்டே பாறைக் கடற்கரைப் புகைப்படம் கற்றுக்கொள்ள முடியுமா? இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் பணம் கட்டலாமா?

கேள்விக்குக் கீழே ‘நம்ம ஊர்ல மணல்தானே இருக்கு, பாறையே இல்லையே’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் கடந்து போயிருப்பேன்.

நீங்கள் கேமரா வாங்கி ஆறு மாதம் ஆகியிருக்கும், கூடவே வந்த 18-55 லென்ஸைத் தவிர வேறு எதுவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு என்று நானாக எடுத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் இருந்தேன். வங்கியில் கவுன்டர் வேலை, திருவொற்றியூரில் வீடு.

முதலில் பாறை. மெரினாவையும் பெசன்ட் நகரையும் மட்டும் பார்த்தவர்களுக்குச் சென்னைக் கடற்கரை என்றால் மணல். ஒரு தடவை காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரச் சாலையில் வந்து பாருங்கள், எங்கே பார்த்தாலும் கல். கடல் கொடுத்த பாறை இல்லை அது, லாரியில் கொண்டுவந்து கொட்டியது. 1870களில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அதில் முட்டித் தெற்கிலேயே தங்கிவிட்டது. மெரினா அவ்வளவு அகலமானது அப்படித்தான். துறைமுகத்துக்கு வடக்கே எங்கள் பக்கம் வரவேண்டிய மணல் வராமல் போக, கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. வீடுகள் போயின. அதற்கப்புறம்தான் கல்லைக் கொட்டினார்கள், கடலுக்குள் நீட்டிக் கல் சுவராகத் தூண்டில் வளைவு போட்டார்கள். என் அம்மா பிறந்த வீடு இருந்த இடம் இப்போது தண்ணீருக்குள். நான் எடுத்த படங்களைப் பார்த்து ‘செம லொகேஷன்’ என்று எழுதுகிறவர்களிடம் இதைச் சொல்வேன். படத்தைப் பற்றிப் பேசாமல் ஊர்க்கதை எதற்கு என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும்.

இயற்கையான பாறைதான் வேண்டுமென்றால் மாமல்லபுரம் இருக்கிறது. ஆனால் கடற்கரைக் கோயில் வளாகத்துக்குள் தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் கேமரா முக்காலி, அதாவது டிரைபாட், வைக்க விடமாட்டார்கள். வெளியே மணலில் நின்று எடுத்துக்கொள்ளலாம். அதுவும் போதாது என்றால் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம்தான். அங்கேதான் நானும் பயிற்சிக்குப் போனேன்.

அது 2018. இரண்டு நாளைக்கு 11,500 ரூபாய், நாகர்கோவில் வரை ரயில் செலவு தனி. யார் நடத்தியது என்று சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள். முகாம் நடத்துகிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. நல்லவர்கள் இருப்பார்கள். எனக்கு வாய்த்தது என்னவென்றால், ஒரே பாறையில் இருபத்திரண்டு பேரை வரிசையாக நிற்க வைத்து, “எஃப் 11, முப்பது செகண்ட், அழுத்துங்க” என்று பயிற்சியாளர் சொல்வார். எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, செகண்ட் என்பது ஷட்டர் திறந்திருக்கும் நேரம். அழுத்தினோம். வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரைப் போட்டு முப்பது விநாடி திறந்து வைத்தால் அலையெல்லாம் பனிமூட்டம் மாதிரி வழவழவென்று வரும். இருபத்திரண்டு பேருக்கும் அப்படியே வந்தது. படங்களைக் கலைத்துப் போட்டால் எது யாருடையது என்று எடுத்தவருக்கே தெரியாது. நான் அதைப் பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன், அது வேறு கதை.

அடுத்த ஜனவரியில் அதே வித்தையை எங்கள் ஊர் தூண்டில் வளைவில் காட்டலாம் என்று போனேன். காலை ஆறு மணிக்கு முன்னால் ஒரு பெண் தனியாக முக்காலியோடு நின்றால் ரோந்து வண்டி முதல் நாய் வரை எல்லாரும் விசாரிப்பார்கள். அதனால் தம்பி துணைக்கு வந்தான், வந்து ஸ்கூட்டரிலேயே தூங்கிவிட்டான். நான் கீழ்க்கல்லுக்கு இறங்கினேன். கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. ஈரத்தில் அப்படி இருக்கிறது, படத்துக்கு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பாசி என்று தோன்றவில்லை. டிரைபாடை வைத்து, ஃபில்டரை மாட்டி, பட்டனை அழுத்திவிட்டுக் கைபேசியில் விநாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பதோ இருபதோ எண்ணும்போது அலை வந்தது. பெரிய அலை என்று கதை விட மாட்டேன், முழங்கால் உயரம்தான். ஆனால் கல்லிடுக்கில் புகுந்து கீழேயிருந்து மேலே அடித்தது. டிரைபாடின் ஒரு கால் வழுக்க, கேமரா இரண்டு கல்லுக்கு நடுவில் போய்விட்டது. என் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கொஞ்சம் தள்ளித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து, இடுக்கில் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்: “இன்னாம்மா, கடலப் பாக்காம பொட்டியவே பாத்துனு கீற?”

பத்து நாள் கழித்து ரிப்பேர் கடையில் பின்மூடியைத் திறந்து காட்டினார்கள். போர்டில் பச்சை பூத்திருந்தது. “நல்ல தண்ணின்னா காயவச்சுப் பாக்கலாம், இது உப்பும்மா” என்றார் கடைக்காரர். முப்பத்தெட்டாயிரம், சீட்டு எடுத்து வாங்கியது. வீட்டுக்காரர் ஒன்றுமே சொல்லவில்லை, திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. மாமியார் மட்டும், “கடலுக்குக் காணிக்கை போட்டதா நெனச்சுக்கோ” என்றார்.

இனிமேல்தான் உங்கள் கேள்விக்குப் பதில். கேமரா இல்லாமலே அடுத்த ஞாயிறும் போனேன், பெரியவருக்கு ஒரு நன்றி சொல்ல. அப்புறம் அதுவே பழக்கமாகி இரண்டு மாதம் வெறுங்கையோடு போனேன். அவருக்குக் கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் காய்ந்து வெளுத்த கல்லில்தான் கால் வைக்க வேண்டும், கறுத்த கல் வரைக்கும் கடல் தினமும் வந்து போகிறது என்று அர்த்தம் என்று சொன்னார். பெரிய அலை ஒத்தையாக வராது, மூன்று நான்கு சேர்ந்து வரும், நடுவில் கடல் சும்மா கிடக்கும், அந்தச் சும்மாவை நம்பி இறங்குகிறவன்தான் விழுவான் என்றார். வந்ததும் கல்லில் ஏறாமல், ஒரு டீ குடிக்கிற நேரம் நின்று பார்க்கச் சொன்னார். வாடைக்காற்று மாதத்தில் தண்ணீர் எங்கே ஏறும், மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் அலையின் முகடு எப்படிப் பின்பக்கம் சிதறும், எல்லாம் அப்படி நின்று பார்த்ததுதான்.

அப்படி நின்றபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அலை மோதித் தெறிக்கிறதைத்தான் எல்லாரும் எடுக்கிறோம். அது திரும்பிப் போகும்போது பார்க்க வேண்டும். சேர்ந்து வரும் அலைகளில் கடைசி அலை வடியும்போது, ஒவ்வொரு கல்லிடுக்கிலிருந்தும் வெள்ளை வெள்ளையாக நூல் பிரிந்து இறங்கும். கோலத்துக்கு இழை இழுத்த மாதிரி. முப்பது விநாடி வைத்தால் அந்த இழை அத்தனையும் அழிந்து மாவாகிவிடும். 1/125 விநாடி வைத்தால் வெறும் நுரை. அரை விநாடி, மிஞ்சினால் ஒரு விநாடி. முட்டத்தில் எனக்கு யாரும் சொல்லாதது இதுதான்.

அந்த வேகத்துக்கு ஃபில்டர்கூட வேண்டாம். சூரியன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, எஃப்/11 வைத்தாலே அரை விநாடி பக்கத்தில் வந்து நிற்கும். லென்ஸை 18 எம்எம்மில் வைத்து, சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் கல்லில் ஃபோகஸ் வைத்தால், முக்கால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை கூர்மையாகக் கிடைக்கும். இது உங்கள் மாதிரிச் சின்ன சென்சார் கேமராவுக்கான கணக்கு. பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமரா வைத்திருப்பவர்கள் வந்து திருத்த வேண்டாம், தெரியும். நம் ஊரில் வெளிச்சம் மடமடவென்று ஏறிவிடும், அதனால் இருட்டோடு போய் நிற்க வேண்டும். ஜூன் தொடக்கத்தில் 5.42க்கெல்லாம் சூரியன் வந்துவிடும், ஜனவரிக் கடைசியில் 6.35 ஆகும். உதிக்கிற இடமும் ஜூனில் வடக்கே தள்ளிப்போகும், டிசம்பரில் தெற்கே வரும். ஒரே கல்லை வருஷம் முழுக்க எடுத்தாலும் ஒரே படம் வராது. வாராவாரம் புது இடம் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், அது என் குணம்.

ஏசி அறையிலிருந்து நேரே எடுத்துப் போனால் லென்ஸ் வேர்த்துவிடும், அரைமணி நேரம் முன்பே பையை வராந்தாவில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவைத் துடைத்துவிடுங்கள், டிரைபாட் காலைக் கழுவிவிடுங்கள். லென்ஸைத் துணி பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல். அப்புறம், ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) வெளியிடும் கடல் எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். காற்றே இல்லாமல் எங்கேயோ தெற்கிலிருந்து வந்து ஏறுகிற கள்ளக்கடல் என்று ஒன்று இருக்கிறது. 2024 மே மாதம் அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்கள்.

இன்னொன்று. நல்ல படம் வந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அந்த இழைப் படத்தை இரண்டாவது கேமரா வாங்கி நான்கு மாதம் கழித்துத்தான் சரியாக எடுத்தேன். ஆசையாகப் போட்டேன். மறுநாள் காலை அது ஒரு ரோஜாப்பூவும் ‘இனிய காலை வணக்கம்’ எழுத்துமாகத் திரும்பி வந்தது, கீழே என் கொழுந்தனார் பெயர். கேட்டால், “அண்ணி, நம்ம குடும்பத்துப் படம்தானே” என்கிறார். இதே வாயால்தான் எங்கள் வீட்டு இட்லி குண்டானை ஒரு விசேஷத்துக்கு என்று வாங்கிப் போனார். இரண்டு வருஷம் ஆகிறது. புதிது வாங்கவும் மனசு வரவில்லை, அது என் அம்மா சீராகக் கொடுத்தது, நல்ல கனமான பாத்திரம். சரி, விடுங்கள்.

பயிற்சிக்குப் போவதா வேண்டாமா என்பது உங்கள் பணம், உங்கள் விருப்பம். கட்டுவதென்றால் கட்டுவதற்கு முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஒரு குழுவில் எத்தனை பேர்? பத்துக்கு மேல் என்றால் நான் போக மாட்டேன். அதற்கு முன் நான்கு ஞாயிறு இந்தப் பக்கம் வந்து பாருங்கள். மழை இல்லாவிட்டால் நானும் அங்கேதான் இருப்பேன், ஐந்தரைக்கு. தம்பி தூங்குகிற ஸ்கூட்டர்தான் அடையாளம். ஹவாய் செருப்பில் மட்டும் வராதீர்கள்.