பாறைக்கு வேர் உண்டா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2004 டிசம்பர் 26 காலையில் சென்னையில் ஆறாவது மாடியில் இருந்தோம். பாத்திரம் எதுவும் உருளவில்லை, சத்தமும் இல்லை. தொங்குவிளக்கு மட்டும் நிதானமாக ஆடியது, எனக்குத் தலை சுற்றியது. நிலநடுக்கம் என்றால் தடதடவென்று உதற வேண்டாமா?
– ஒரு வாசகி, சென்னை

தடதடவென்று உதறுவதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. நீங்கள் இருந்தது சுமத்ராவிலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி. அவ்வளவு தூரம் வருவதற்குள் படபடப்பான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிடும். மிஞ்சி வருபவை நெடிய அலைகள். ஒரு முறை ஆடி முடிக்கவே அவற்றுக்குச் சில விநாடி ஆகும், சிலவற்றுக்கு நிமிடக்கணக்கு. பூமிக்குள் ஆழப் பாய்ந்து வராமல் தரையை ஒட்டியே பரவுவதால் மேற்பரப்பு அலைகள் என்று பெயர். அவற்றில் குறுகலானவை உங்கள் விளக்கை ஆட்டின. நெடியவை உங்களையும் கட்டடத்தையும் தெருவையும் சேர்த்தே தூக்கி இறக்கின, உங்களுக்குத் தெரியாமல். அன்று உலகத்தில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் தரை குறைந்தது ஒரு சென்டிமீட்டராவது அசைந்தது.

இந்த அலைகளில் இரண்டு சாதி. மேலும் கீழுமாக, முன்னும் பின்னுமாகச் சுழற்றுவது ரேலே அலை. 1885-இல் ரேலே பிரபு காகிதத்தில் கணக்குப் போட்டே இப்படியொன்று இருக்கும் என்று சொல்லிவிட்டார். பின்னாளில் ஆர்கான் வாயுவுக்காக நோபல் வாங்கிய அதே ரேலேதான். பக்கவாட்டில் பாம்புபோல நெளிவது லவ் அலை. 1911-இல் அதற்குக் கணக்கு எழுதியவர் பெயர் லவ். ஒரு மாணவர் தேர்வுத் தாளில் இதைக் "காதல் அலை" என்று மொழிபெயர்த்திருந்தார். அரை மதிப்பெண் கூடுதலாகப் போட்டேன்.

நிலநடுக்கம் நம் நேரப்படி 6.29-க்கு. தரையலை உங்களிடம் வரப் பத்து நிமிடம் போதும். கடலலை வந்தது ஒன்பது மணி வாக்கில்.

கேள்வி: எங்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கமே 3 கிலோமீட்டர் சொச்சம்தான். ரஷ்யாக்காரர்கள் கோலாவில் துளைத்தது 12 கிலோமீட்டர். அப்படியிருக்க, 150 கிலோமீட்டர் ஆழத்துப் பாறையைப் பற்றி நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள்? குத்துமதிப்பா?
– ஒரு வாசகர், கோலார் தங்கவயல்

நம்ம ஊர்க்காரர்! என் அப்பாவும் சாம்பியன் ரீஃபில் இறங்கியவர்தான். ராத்திரியில் ராக் பர்ஸ்ட் ஆனால், அதாவது அழுத்தம் தாங்காமல் சுரங்கப் பாறை வெடித்தால், அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அம்மா எழுந்து வாசலில் போய் நின்றுகொள்வார். தரை ஆடுவதிலிருந்து கீழே என்ன ஆயிற்று என்று ஊகிக்கிற வேலையை நான் முதலில் பார்த்தது அந்த வாசலில்தான்.

குத்துமதிப்பு இல்லை. பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒன்றாகத்தான் கிளம்புகிறார்கள். மலையடிவாரம் சேரும்போது முன்னும் பின்னுமாகச் சிதறிப்போகிறார்கள். மேற்பரப்பு அலைகளும் அப்படியே. உவமை நொண்டுவது ஓரிடத்தில்: யாத்திரையில் எல்லோருக்கும் ஒரே ரோடு. அலைகளுக்கு ரோடே வேறு. அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழத்துப் பாறையை அது உரசிக்கொண்டு வரும். ரேலே அலைக்கு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் என்பது எங்கள் கைக்கணக்கு. 20 விநாடி அலை சுமார் 70 கிலோமீட்டர் நீளம், ஆக அது சொல்வது 20, 25 கிலோமீட்டர் ஆழத்துச் சேதி. 100 விநாடி அலை 400 கிலோமீட்டர் நீளம். அது 130 கிலோமீட்டர் வரை தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறது. பொதுவாக ஆழத்தில் பாறை விறைப்பு, அதனால் நெடிய அலை முந்திக்கொள்ளும். நிலத்தடியே 2,000 கிலோமீட்டர் கடந்து வந்தால், 50 விநாடி அலைக்கூட்டம் வந்து இரண்டு நிமிடம் கழித்துத்தான் 20 விநாடிக் கூட்டம் வந்து சேரும். யார் எவ்வளவு பிந்தினார் என்பதுதான் எங்கள் துளைப்பான்.

நான் நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது பதிவெல்லாம் போட்டோ தாளில். இருட்டறையில் சிவப்பு விளக்குக்குக் கீழே கழுவி, கிளிப் போட்டுக் காயவைத்து, மறுநாள் பூதக்கண்ணாடியும் ஸ்கேலுமாக உட்கார வேண்டும். பெரிய நிலநடுக்கத்தின் தாளில் முதலில் அகலமாக, சோம்பேறித்தனமாக நாலு மேடு. போகப் போக மேடுகள் நெருங்கும். கடைசியில் சீப்புப் பல் மாதிரி. ஒவ்வொரு மேட்டுக்கும் நேரம் குறிக்க வேண்டும். ஒரு தாளுக்கு ஒரு பகல்.

ஆனால் அலை கடந்துவந்த வழி முழுக்க ஒரே பாறை இல்லையே என்பீர்கள். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. சிங்கியாங்கில் தியான் ஷான் மலையடிவாரத்தில் பூமி குலுங்கினால் அலை முதலில் ஹைதராபாத்தையும், அதே கோட்டில் 800 கிலோமீட்டர் தள்ளிக் கொடைக்கானலையும் தொடும். இரண்டு பதிவுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் சீனாவும் இமயமலையும் கழிந்துபோகும். மிஞ்சுவது நம் காலடிப் பாறை. நொடிக்கு 4 கிலோமீட்டர் என்றால் அந்த 800 கிலோமீட்டருக்கு 200 விநாடி. அதில் 2 விநாடி பிசகினால் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு பிசகு. எங்கள் தொழிலில் அது பெரிய தொகை.

அந்த 2 விநாடியை நானே தொலைத்திருக்கிறேன். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். தினமும் ரேடியோவில் வரும் டிக் டிக் சிக்னலோடு கடிகாரத்தைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. ஒரு நீண்ட விடுமுறையில் விட்டுவிட்டேன். கீழே பாறையில் அலை வழக்கத்தைவிட மெதுவாகப் போகிறது, அப்படியானால் பாறை சூடாக இருக்கிறது என்று மூன்று மாதம் நம்பி, கட்டுரைகூட எழுத ஆரம்பித்தோம். சூடு பாறையில் இல்லை, கடிகாரத்தில்.

கேள்வி: முதல் மழை பெய்ததும் அனந்தபூர், கர்நூல் பக்கம் வயலில் இறங்கி வைரம் தேடுகிறார்கள். அந்த வைரத்துக்கும் நீங்கள் சொல்லும் ஆழத்துப் பாறைக்கும் சம்பந்தம் உண்டா?
– ஒரு வாசகர், ஓசூர்

உண்டு, நேரடிச் சம்பந்தம். அனந்தபூர் பக்கத்து வஜ்ரகரூரின் கிம்பர்லைட் குழாய்கள், அதாவது ஆழத்திலிருந்து வைரத்தைச் சுமந்து வரும் எரிமலைப் பாறைக் குழாய்கள், சுமார் 110 கோடி ஆண்டுக்கு முன் வெடித்து மேலே வந்தவை. வைரம் விளைய ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஆழம் வேண்டும். ஆனால் அவ்வளவு ஆழத்திலும் பாறை அதிகம் சூடேறாமல் இருக்க வேண்டும். கர்நாடகத்துத் தார்வார் போன்ற கண்டக் கருக்களுக்கு, அதாவது கண்டத்தின் மிகப் பழைய பாறைத் துண்டுகளுக்கு, அடியில்தான் அப்படிக் குளிர்ந்த, தடித்த வேர் இருக்கும். கோலார்க்காரர்களுக்கு இது புரியும்: பல ஊர்களில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25, 30 டிகிரி ஏறும், நம் சுரங்கத்தில் அதில் பாதிகூட ஏறாது.

அந்த வேர் இன்னும் இருக்கிறதா என்பதில்தான் சண்டை. 2007-இல் 'நேச்சர்' இதழில் இந்திய, ஜெர்மன் ஆய்வாளர்கள் வேறொரு முறையில் பார்த்து, இந்தியத் தட்டின் தடிமன் சுமார் 100 கிலோமீட்டர்தான் என்றார்கள். கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது அடியில் எழுந்த வெப்பம் வேரைத் தின்றுவிட்டது, எடை குறைந்ததால்தான் இந்தியா ஆண்டுக்கு 18, 20 சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கே ஓடியது என்பது அவர்கள் வாதம். கேட்க அழகாக இருக்கிறது. மேற்பரப்பு அலைக்காரர்களோ 150 கிலோமீட்டரிலும் அலை வேகமாகப் போகும், குளிர்ந்த பாறையைப் பார்க்கிறார்கள்.

வைரம் சாட்சி சொல்லாதா என்றால், சொல்லாது. 110 கோடி ஆண்டுக்கு முன் வேர் இருந்தது என்றுதான் அது சொல்லும். பிறகு தேய்ந்ததா என்று அதற்குத் தெரியாது. நான் அலைக்காரர்கள் பக்கம். சொந்தக் கட்சி என்பதால் மட்டுமல்ல. அந்த இன்னொரு முறைக்குக் கூர்மையான விளிம்புதான் கண்ணில் படும். வேரின் அடி கத்தியால் வெட்டியதுபோல முடிவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக் கரைகிறது. 100 கிலோமீட்டரில் ஏதோ ஒரு விளிம்பு இருக்கலாம். அதை வேரின் அடி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: பெரிய நிலநடுக்கம் எதுவும் வராத மாதங்களில் என்ன செய்வீர்கள்?
– ஒரு மாணவி, நாகர்கோவில்

உங்கள் ஊர்க் கடல் சும்மா இருக்கிறதா? அலைகள் கடல்தரையை அமுக்கி அமுக்கி, 5 முதல் 20 விநாடி வரையிலான மெல்லிய அதிர்வை ஓயாமல் நிலத்துக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இரண்டு நிலையங்களின் இந்த இரைச்சலை மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அலை போக எவ்வளவு நேரம் என்று கிடைத்துவிடும். நிலநடுக்கமே தேவையில்லை. 2005-இல் கலிஃபோர்னியாவின் மேலோட்டை இப்படி வரைந்து காட்டினார்கள்.

எங்கள் காலத்தில் அது வெறும் இரைச்சல். புயல் நாட்களின் தாள்களில் நெளிநெளியாக வந்து நல்ல பதிவைக் கெடுக்கும். அந்தத் தாள்களின் மூலையில் சிவப்பு மையில் "உபயோகமில்லை" என்று எழுதிக் கட்டிப் போட்டேன். இப்போது ஒரு ஆய்வு மாணவி அந்தக் கட்டுகளைத்தான் தேடியெடுத்து ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறார். யார் கையெழுத்து இது என்று போன மாதம் என்னிடமே கேட்டார்.