பணத்தை விடுங்கள், கடிதத்தை வாங்குங்கள்

கேள்வி: மயிலாடுதுறை அருகே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். கடைமடைக் கிராமம் ஒன்றைப் பற்றிய என் முதல் நாவலை வெளியிட, 12.8.2024 அன்று சென்னைப் பதிப்பகம் ஒன்றுடன் ஒப்பந்தம் போட்டு, ரூ.45,000 கட்டினேன். 2025 ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்கு வந்துவிடும் என்றார்கள். அந்தக் கண்காட்சியும் போயிற்று, 2026 கண்காட்சியும் போயிற்று. போனை எடுப்பதில்லை. தண்ணீர் வந்து சேராத ஊரின் கதைக்கு மலையருவிப் படம் போட்டு ஓர் அட்டையும், பக்கம் அமைத்த பி.டி.எஃப்.-உம் மட்டும் அனுப்பினார்கள். உறவினர்கள் கேலி பேசுகிறார்கள். இப்போது கும்பகோணத்தில் ஒரு சிறிய பதிப்பகம் தன் செலவிலேயே போடுவதாகச் சொல்கிறது. பழைய பதிப்பகத்தின் மீது போலீசில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? நாவலைக் கும்பகோணத்தாரிடம் கொடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் எனக்குப் பயன்பட்டது, கடைசியில் இணைத்திருந்த ஒப்பந்த நகல் மட்டும்தான். போனை எடுக்காதது, அருவிப் படம், உறவினர் கேலி இவற்றில் எதுவும் வழக்காகாது. அருவிப் படத்துக்காக உங்களோடு சேர்ந்து நானும் வருத்தப்படுகிறேன். அதோடு அதை விட்டுவிடுவோம்.

போலீசுக்குப் போகவேண்டாம். மோசடிக் குற்றம் நிற்க வேண்டுமானால், பணம் வாங்கிய அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். அவர்கள் அட்டை போட்டிருக்கிறார்கள், பக்கம் அமைத்திருக்கிறார்கள். நிலையத்தில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) கொடுத்து, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, "சிவில் விவகாரம்" என்று முடித்துவிடுவார்கள். அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் என்ன எழுதிக் கொடுப்பீர்கள் என்பதுதான் என் பயம்.

இனி ஒப்பந்தம். நான்காவது பிரிவில் அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் என எல்லா உரிமைகளையும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். எத்தனை ஆண்டுக்கு என்று எங்கும் இல்லை. நூறு ரூபாய் முத்திரைத்தாளில் இருப்பதால் அது ஆயுள் சாசனம் என்று நீங்களும் நினைக்கிறீர்கள், அவர்களும் நினைப்பார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு வேறு சொல்கிறது. கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகவே அதிகபட்சம் 2029 ஆகஸ்ட்.

உங்களுக்கு வேண்டியது அதே பிரிவின் நான்காவது உட்பிரிவு. எழுதி வாங்கிய உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், அந்த உரிமை காலாவதியாகிவிட்டதாகவே கருதப்படும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய. உங்கள் ஓராண்டு 2025 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. மின்னூலோ அச்சுப்படியோ எதுவும் வெளிவரவில்லை என்கிறீர்கள். அட்டை செய்வதும் பக்கம் அமைப்பதும் ஆயத்தம்தான், வெளியீடு அல்ல. அப்படியானால் "வேறுவிதமாக" ஏதாவது சொல்லியிருக்கிறதா என்பதுதான் உங்கள் வழக்கு முழுவதும்.

ஒன்பதாவது பிரிவைப் பாருங்கள்: "தாள் விலை, அச்சகப் பணிச்சுமை முதலிய காரணங்களால் ஏற்படும் தாமதத்துக்குப் பதிப்பகம் பொறுப்பாகாது." உரிமை காலாவதியாகாது என்பதற்கு இதைத்தான் அவர்கள் வக்கீல் காட்டுவார். என் கருத்தில் இது போதாது. தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்காதே என்று சொல்வது ஒன்று. ஓராண்டு கழிந்தாலும் உரிமை என்னிடமே இருக்கும் என்று சொல்வது வேறு. இரண்டாவதை அவர்கள் எழுதவில்லை. சட்டப்படி நாவல் உங்களிடம் திரும்பிவிட்டது என்றே நினைக்கிறேன்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நீங்கள் நாளைக்கே கும்பகோணத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். வக்கீலாக நான் பார்த்த வரை, என் கட்சிக்காரர்கள் மாட்டிக்கொண்டதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதலில் உங்கள் வாட்ஸ்அப். 2025 நவம்பரில், அதாவது உரிமை திரும்பி வந்து மூன்று மாதம் கழித்து, "வருகிற ஜனவரிக் கண்காட்சிக்காவது கொண்டுவந்துவிடுங்கள் ஐயா" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது என்று நீங்களே நடந்துகொண்டதாக எதிர்த் தரப்பு இதைப் படித்துக் காட்டும். உரிமையைப் புதிதாக எழுதிக் கொடுக்கக் கையெழுத்திட்ட எழுத்துப் பத்திரம் வேண்டும், வாட்ஸ்அப் செய்தி அதற்கு ஈடாகாது என்று நாம் பதில் சொல்லலாம். நல்ல பதில்தான். ஆனால் அதை நீதிமன்றத்தில் சொல்லி முடிப்பதற்குள் எத்தனை ஜனவரி போகும்? இன்று முதல் அந்த எண்ணுக்கு ஒரு வரிகூட அனுப்பாதீர்கள். பொங்கல் வாழ்த்துகூட வேண்டாம்.

அடுத்தது, கோபத்தில் அனுப்பும் வக்கீல் நோட்டீஸ். என் கட்சிக்காரர் ஒருவர் ஒப்பந்தம் போட்ட பதினோராவது மாதத்தில், "உடனே அச்சிடு, இல்லையேல் வழக்கு" என்று வேறொருவர் மூலம் நோட்டீஸ் விட்டுவிட்டுப் பிறகு என்னிடம் வந்தார். இப்போது வேண்டிய அளவு மட்டும் அச்சிடும் வசதி வந்துவிட்டது. இருபத்தைந்து பிரதி அடிக்க ஒரு வாரம் போதும். அடித்தார்கள், ஆசிரியர் பிரதி என்று ஒரு கட்டைக் கூரியரில் அனுப்பினார்கள். பயன்படுத்தியாகிவிட்டது என்று ஆகிவிட்டது. இன்னும் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் உரிமை தானாக வந்திருக்கும். ஓராண்டு முடியாத வாசகர்கள் யாராவது இதைப் படித்தால், பொறுமையாக இருங்கள்.

உங்களுக்கு ஓராண்டு முடிந்துவிட்டதால், இப்போது அவசரமாக அடித்தாலும் போன உரிமை திரும்பாது, நீங்களாக ஒப்புக்கொள்ளாதவரை. பார்சல் வந்தால் வாங்காதீர்கள். வாங்கிக் கையெழுத்துப் போட்டு, மகிழ்ச்சியில் படம் பிடித்து முகநூலில் ஏற்றிவிட்டால் நான் மேலே சொன்ன வாதமெல்லாம் கரைந்துபோகும். முதல் புத்தகத்தைக் கையில் பார்க்கும்போது யாருக்கும் சட்டம் நினைவுக்கு வராது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது, நுகர்வோர் ஆணையம். பணம் வாங்கிக்கொண்டு வெளியிட்டுத் தருவது சேவை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். முதல் கண்காட்சி தவறியதிலிருந்து எண்ணினால் 2027 ஜனவரி வரை வரும். ஆனால் எல்லோரும் பரிகாரத்தில் "நூலை அச்சிட்டுத் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதுகிறார்கள். அச்சிட்டுத் தா என்று கேட்டாலே ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். கேட்டால் பணத்தை மட்டும் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து கும்பகோணத்தில்தான் இருக்கிறது. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். எந்தப் பதிப்பக ஒப்பந்தத்திலும், "இந்நூலின் உரிமை முழுவதும் என்னுடையதே, வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை, இதனால் வரும் எல்லா நஷ்டத்துக்கும் நானே பொறுப்பு" என்று ஒரு பிரிவு இருக்கும். யாரும் படிப்பதில்லை. நீங்கள் அதில் கையெழுத்துப் போடுகிறீர்கள், புத்தகம் அச்சாகிறது, கண்காட்சிக்கு முன்பு பழைய பதிப்பகம் ஒரு கடிதம் அனுப்புகிறது. இடைக்காலத் தடைகூட வாங்க வேண்டியதில்லை. சிறிய பதிப்பகம் பயந்து புத்தகத்தை அரங்கிலிருந்து எடுத்துவிடும். அச்சுச் செலவுக்கு உங்களைப் பார்க்கும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கட்டிய பணம் போனதற்காகப் புறப்பட்டவர் அதைவிடப் பெரிய தொகையைக் கட்டினார்.

நிலம் வாங்கினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிடலாம். நாவலுக்கு அப்படி ஒன்று இல்லை. பழைய பதிப்பகத்தின் கையெழுத்திட்ட விடுவிப்புக் கடிதம்தான் உங்களுக்கு வில்லங்கமில்லை என்று காட்டும் ஒரே தாள். அதற்காக 45,000 ரூபாயை விட்டுக்கொடுங்கள். முதலில் முழுத் தொகையையும் கேளுங்கள், பாதிக்கு இறங்குங்கள், கையெழுத்துக் கிடைக்குமானால் மொத்தத்தையும் விடுங்கள். அவர்களுக்குப் பணம் திருப்பித் தருவதுதான் கஷ்டம். அச்சிட விருப்பமில்லாத நாவலை விடுவிப்பதில் கஷ்டமில்லை. பேசப் போகும்போது உறவினர் பட்டாளத்தோடு போகாதீர்கள், யாராவது ஒருவர் அருவிப் படத்தை எடுத்துவிடுவார்.

கடிதத்தில் நாவலின் பெயர், ஒப்பந்தத் தேதி, எல்லா உரிமைகளும் ஆசிரியரிடமே உள்ளன என்ற உறுதி, இரு தரப்புக்கும் இனி பாக்கி ஏதுமில்லை என்ற வரி இருக்க வேண்டும். கையெழுத்து உரிமையாளருடையதாக இருக்கட்டும். கூட்டு நிறுவனம் என்றால் அதிகாரமுள்ள பங்குதாரர். மேலாளர் கையெழுத்தை வைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தவர்கள் உண்டு. கடிதம் தர மறுத்தால் அப்போது பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் போதும்: ஓராண்டு முடிந்த தேதியைச் சொல்லி, 19(4)-ன் கீழ் உரிமை திரும்பிவிட்டது என்று மட்டும். அச்சிடச் சொல்லிக் கேட்காத நோட்டீஸ். அதன் நகலையும் பழைய ஒப்பந்தத்தையும் கும்பகோணத்தாரிடம் காட்டிவிட்டு, தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள் என்று அவர்கள் ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். மறைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

யாரோ ஐந்நூறு ரூபாய் கட்டிப் பதிப்புரிமையைப் பதிவு செய்யச் சொன்னார்களாம். பதிவு கட்டாயமில்லை, எழுதிய அன்றே உரிமை உங்களுடையது. மேலும் அந்த விண்ணப்பத்தில் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்பார்கள். தகராறு தீராமல் அதை நிரப்புவது வம்பு. பொய்ப் பதிவுக்குத் தண்டனை உண்டு.

புதிய ஒப்பந்தத்தில் தமிழ் அச்சுரிமை மட்டும் கொடுங்கள், மூன்று ஆண்டுக்கு. மொழிபெயர்ப்பும் திரைப்படமும் உங்களிடமே இருக்கட்டும். ராயல்டி பத்து சதவீதம் என்பது தமிழில் வழக்கம். நூலக ஆணையில் (அரசு நூலகங்களுக்கான கொள்முதலில்) போகும் பிரதிகளுக்கும் அது பொருந்தும் என்று தனியாக எழுதுங்கள், ஏனென்றால் அந்தப் பணம் பதிப்பகத்துக்குத்தான் வரும், உங்களுக்குத் தகவல்கூட வராது. நாவலைக் கொடுக்கும்போது உங்கள் கணினியில் உள்ள மூலக் கோப்பைக் கொடுங்கள். சென்னையிலிருந்து வந்த பக்கம் அமைத்த பி.டி.எஃப்.-ஐக் கொடுத்தால், அந்த உழைப்பு எங்களுடையது என்று அவர்கள் மறுபடி ஆரம்பிப்பார்கள்.