கேள்வி பதில்: 'கிட் ஏ'யில கிட்டார் எங்க?

வெள்ளவத்தைத் தங்கச்சி: எலெக்ட்ரோனிக் இசைக்கு நான் புதுசு. எதில தொடங்கலாம் அண்ணை?

ஜெர்மன் எலெக்ட்ரோனிக் குழு கிராஃப்ட்வெர்க்கின் 'த மேன் மெஷின்' அல்பம், 1978. ஆறே பாட்டு, மெட்டு உடனே பிடிபடும். அவையின்ர 'ஓட்டோபான்' அல்பத்தைப் பிறகு கேளுங்கோ. அதில தலைப்புப் பாட்டே 22 நிமிசத்துக்கு மேல, தட்டின்ர ஒரு பக்கம் முழுக்க அதுதான். ஷஃபிளை நிப்பாட்டிப்போட்டுக் கேக்கோணும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி: நியூ ஓர்டர் குழுவின் 1983 எல்பி தட்டு, பிரிட்டிஷ் பதிப்பு வாங்கினன். அதில 'புளூ மண்டே' பாட்டு இல்லை. ஏமாத்திப்போட்டாங்களோ?

இல்லை. அங்க அது தனி 12 அங்குலத் தட்டாகத்தான் வந்தது.

தெஹிவளை அண்ணை: இங்கிலாந்து றொக் குழு றேடியோஹெட்டின் 'கிட் ஏ' அல்பம் றொக்கே இல்லை. கிட்டாரை எறிஞ்சுபோட்டு மெஷினைக் கதைக்க விட்டிருக்கினம்.

எறியேல்லை அண்ணை. 'ஒப்டிமிஸ்டிக்' முழுக்கக் கிட்டார். 'ஹவ் டு டிசப்பியர் கம்ப்ளீட்லி' அக்கூஸ்டிக் கிட்டாரில நடக்குது, அதுக்கு மேல குழுவில இருக்கிற ஜொனி கிரீன்வூட்டின் ஒண்ட் மார்ட்டெனோ எண்ட பழைய எலெக்ட்ரோனிக் வாத்தியம் அழுகுது. 'இடியோடெக்'கில திரும்பத் திரும்ப வாற நாலு கோர்ட் (ஒண்டாய் ஒலிக்கிற சுரக்கூட்டம்), அமெரிக்க இசையமைப்பாளர் போல் லான்ஸ்கி 1973இல கொம்பியூட்டரில செய்த ஆக்கத்திலிருந்து எடுத்தது. அந்தக் குளிர்ந்த சத்தத்துக்கு மேல குழுவின்ர பாடகர் தொம் யோர்க் மூச்சு வாங்க வாங்கப் பாடுறார். மெஷினுக்குள்ள அகப்பட்ட மனுசன்ர குரல் அது. எங்கட வீடு மரீன் டிரைவ் பக்கம். இரவு ரயில் போகேக்க ஜன்னல் கண்ணாடி அதிரும். ஒருநாள் அந்த அதிர்வும் 'இடியோடெக்' டிரம்மும் ஒண்டாய்ச் சேர்ந்துது. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. நீங்களும் லைட்டை நூத்துப்போட்டு ஒருக்காக் கேளுங்கோ.

பம்பலப்பிட்டித் தம்பி: எந்த ஹெட்போன் வாங்கலாம்?

இண்டைக்கு இது மூண்டாம் தரம். ஒரு மணித்தியாலம் காது நோகாம இருக்கிறதை வாங்குங்கோ.

தெஹிவளை அண்ணை: அவையின்ர முந்தின அல்பம் 'ஓகே கொம்பியூட்டர்' மாதிரி ஒரு மெட்டும் மனசில நிக்கேல்லையே!

அந்த 1997 அல்பத்தில மெட்டு முன்னுக்கு நிக்குது, ஒத்துக்கொள்ளுறன். 2000இல வந்த 'கிட் ஏ'யில சத்தத்தின்ர நிறம் முன்னுக்கு வந்திட்டுது. அதில இருந்து அவை சிங்கிள் எண்டு தனிப்பாட்டு ஒண்டும் விடேல்லை. வரிசையாக் கேக்கவேண்டிய அல்பம் அது. நீங்கள் எப்பிடிக் கேட்டனீங்கள்?

தெஹிவளை அண்ணை: பஸ்ஸில, ஃபோன் ஸ்பீக்கரில. ஷஃபிள்தான்.

ஐயோ அண்ணை! 'த நேஷனல் அன்தம்' பாட்டைத் தாங்கிறதே தொம் யோர்க் வாசிக்கிற பேஸ் கிட்டார். ஃபோன் ஸ்பீக்கரில அது எங்க கேக்கும்? காலி வீதி ஹோன் சத்தத்துக்க வேற!

மட்டக்குளி அக்கா: டெபேஷ் மோட் குழுவின் 'வயலேட்டர்' அல்பம் எப்பிடி?

1990. ஒன்பது பாட்டு, ஒண்டையும் தள்ள ஏலாது. சிந்தசைசரால பேர் எடுத்த குழு, ஆனா 'பெர்சனல் ஜீசஸ்' பாட்டைத் தூக்கி நிறுத்துறது ஒரு கிட்டார். தெஹிவளை அண்ணையும் கேட்டுப்போட்டு வாங்கோ, மிச்சத்தைக் கதைப்பம்.