வீட்டில் கர்நாடக இசையைப் பதிவு செய்ய, குறைந்த செலவில் எந்த மென்பொருள் ஏற்றது?

வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் ஆகிய மூன்றும் கொண்ட உங்கள் சிறு குழுவின் உருப்படிகளை வீட்டிலேயே பதிவு செய்ய விரும்புகிறீர்கள். கையில் இருப்பது 8 ஜிபி நினைவகம் கொண்ட, சில ஆண்டுகள் பழைய விண்டோஸ் மடிக்கணினி. மென்பொருளுக்கென 6,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க இயலாது. இலவச மென்பொருளே போதுமா, விலை கொடுத்து வாங்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரீப்பரை வாங்குங்கள். வீட்டில் வாய்ப்பாட்டுப் பதிவுகளைப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவன் என்ற முறையில் இதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இணையத்தில் காணப்படும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை மின்னணு இசை அமைப்பவர்களையும் மேற்கத்திய இசைக் குழுக்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. தம்புராவுக்குச் சுருதி சேர்த்துப் பாடுபவருக்கு என்ன தேவை என்பதை அவற்றில் தேடினாலும் கிடைப்பதில்லை.

வசதிகளின் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பாக நான் பார்ப்பது, இன்று பதியும் இசை பத்து ஆண்டுகள் கழித்தும் நம் கைக்குள் இருக்குமா என்பதைத்தான். இதற்குக் கேக்வாக்கின் வரலாறு நல்ல சான்று. 1987இல் டாஸ் கணினிகளுக்காக வெளிவந்த கேக்வாக், பின்னாளில் சோனார் என்ற பெயரில் முழுமையான ஒலிப்பதிவு மென்பொருளாக வளர்ந்தது; வாழ்நாள் முழுவதும் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்ற உறுதியை நம்பிப் பலர் அதற்குப் பணம் செலுத்தினார்கள். அதைத் தன்வசம் வைத்திருந்த கிப்சன் நிறுவனம் 2017 நவம்பரில் அதன் வளர்ச்சிப் பணிகளை நிறுத்துவதாக அறிவித்தது. 2018இல் பேண்ட்லேப் நிறுவனம் அதனை வாங்கி இலவசமாகவே வழங்கியது; 2023இல் அந்த இலவசப் பதிப்புக்குப் பதிலாகப் புதிய சோனார் வரும் என்று அறிவிப்பு வந்தது. பல ஆண்டு உழைப்பை அதில் சேமித்து வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு மாற்றத்தின் போதும் என்ன ஆகுமோ என்று கவலைப்பட வேண்டியிருந்தது. ஆகவே, இலவசமா விலைக்கா என்ற கேள்வியைக் காட்டிலும், நாளை அந்த மென்பொருளே இல்லாமற்போனாலும் நம் பதிவுகளைத் திறக்க முடியுமா என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ரீப்பர் இந்தச் சோதனையில் தேறுகிறது. நீங்கள் பதியும் ஒவ்வொரு ட்ராக்கும், அதாவது ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்குமான தனிப் பதிவும், நீங்கள் குறிப்பிட்ட கோப்புறையில் சாதாரண வேவ் கோப்பாகவே விழுகிறது. எதை எங்கே வெட்டினோம், எதன் ஒலியளவை எவ்வளவு குறைத்தோம் என்ற விவரங்கள் அடங்கிய பணிக்கோப்பு, நோட்பேடில் திறந்தாலும் படிக்கக்கூடிய வெற்று உரையாகவே இருக்கிறது. ஒரு காலத்தில் நம் எல்லாருடைய கணினிகளிலும் இருந்த வின்ஆம்ப்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கெலின் காக்கோஸ் நிறுவனம்தான் இதனையும் உருவாக்கியது. 60 நாட்களுக்கு எந்த வசதியும் மறைக்கப்படாமல் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். தனிப்பட்ட பயன்பாட்டுக்கும், அதன்வழி ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் வருமானம் ஈட்டாதவர்களுக்கும் உரிமத்தின் விலை 60 டாலர். இன்றைய மாற்று விகிதத்தில் 5,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும். வணிக உரிமம் 225 டாலர் என்றாலும், இரண்டிலும் கிடைக்கும் மென்பொருள் ஒன்றேதான். விலை குறைந்ததில் எந்த வசதியும் குறைக்கப்படவில்லை. ஏழாம் பதிப்பின் காலத்தில் வாங்கும் உரிமம் எட்டாம் பதிப்பின் இறுதி வரை செல்லும். வாங்கும்போது உங்கள் வங்கிச் செயலியில் அட்டைக்கான பன்னாட்டுப் பரிவர்த்தனை வசதியை இயக்கியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு அட்டைகளில் அது பெரும்பாலும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும்.

இனி, உண்மையான பதிவு வேலைக்கு வருகிறேன். ஒரு கீர்த்தனையைப் பதியும்போது அனுபல்லவி நன்றாக அமைந்து, சரணத்தில் ஒரு சங்கதி மட்டும் பிசகிவிடுவது எல்லாருக்கும் நேர்வது. சரணத்தை மட்டும் மீண்டும் இரண்டு மூன்று முறை பாடி, சிறந்ததை எடுத்து ஒட்டுவதே வழக்கம். இதில் மென்பொருளால் தீர்க்க முடியாத ஒரு சிக்கல் இருக்கிறது. பாடும்போது சுருதிப் பெட்டியோ தம்புராச் செயலியோ அறையில் ஒலித்துக்கொண்டிருந்தால், குரலோடு அந்த நாதமும் மைக்கில் புகுந்துவிடும். பிறகு நீங்கள் எங்கே வெட்டி ஒட்டினாலும், குரலில் ஒட்டு தெரியாவிட்டாலும் தம்புராவின் மீட்டு வரிசை அந்த இடத்தில் துண்டாகித் தாவுவது காதில் விழும். மந்தரம் ஒலிக்க வேண்டிய இடத்தில் சாரணி ஒலிக்கும். ஆகவே தம்புராவை முதலிலேயே தனி ட்ராக்கில், உருப்படியின் முழு நீளத்துக்கும் பதிந்து வைத்துக்கொண்டு, அதனை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டபடி பாடுங்கள். அறையில் அப்போது குரலைத் தவிர வேறு ஒலியே இருக்கக் கூடாது. இப்படிச் செய்துவிட்டால், ரீப்பரில் மூச்சு வாங்கும் இடத்தில் கர்சரை வைத்து எஸ் விசையை அழுத்தினால் துண்டு பிரியும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் டேக்குகளை, அதாவது ஒரே பகுதியை ஒவ்வொரு முறை பாடியதன் பதிவுகளை, டி விசையால் மாற்றி மாற்றிக் கேட்டு, வேண்டியதை நிறுத்திக்கொள்ளலாம். மூல ஒலிக்கோப்பு எதுவும் மாறுவதில்லை. ஒட்டுமிடத்தில் இரு துண்டுகளையும் சிறிதே மேற்கவிய வைத்தால் ஒன்று தேய்ந்து மற்றொன்று எழும். மூச்சின் ஓசையிலேயே ஒட்டு மறைந்துவிடும்.

மூவரும் சேர்ந்தே வாசித்துப் பதிவதா, ஒருவர் பின் ஒருவராகப் பதிவதா என்பதையும் மென்பொருள் வாங்குமுன் முடிவு செய்துகொள்வது நல்லது. கீர்த்தனையைத் தனித்தனியாகப் பதியலாம். ஆலாபனையிலும் கல்பனாஸ்வரத்திலும் அப்படிச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. பாடகர் விட்ட இடத்தை வயலின் எடுத்துக்கொள்வதும், மிருதங்கம் அதைப் பார்த்து அடக்கி வாசிப்பதும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போதுதான் நிகழும். சேர்ந்து பதிவதென்றால் குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொன்று என நான்கு மைக்குகளும், மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் கருவியான ஆடியோ இன்டர்ஃபேஸ் நான்கு மைக் உள்ளீடுகளோடும் வேண்டும். இன்டர்ஃபேஸ்களோடு இணைப்பாக வரும் இலகு பதிப்புகள் சிலவற்றில் ஒரே நேரத்தில் பதியக்கூடிய உள்ளீடுகளுக்கு வரம்பு உண்டு. ரீப்பரில் அத்தகைய தடை இல்லை. உங்கள் கருவியில் எத்தனை உள்ளீடுகள் இருக்கின்றனவோ அத்தனையையும் ஒரே வேளையில் தனித்தனி ட்ராக்குகளாகப் பதியலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட் இடம் பிடிக்கும். நான்கு ட்ராக்குகளில் அரை மணி நேர ராகம் தானம் பல்லவி பதிந்தாலும் ஒரு ஜிபியைச் சற்றே தாண்டும். ரீப்பரை நிறுவும் கோப்போ மூன்று நிமிடக் குரல் பதிவைவிடச் சிறியது. பழைய மடிக்கணினியும் இதைத் தாங்கும் என்று நான் துணிந்து சொல்வதற்கு இப்படி இலகுவாக இருப்பதுதான் காரணம்.

தாமதம் பற்றி, அதாவது லேட்டன்சி பற்றி, பலரும் அச்சுறுத்துவார்கள். மைக்கில் புகுந்த குரல் கணினிக்குள் சென்று ஹெட்ஃபோனுக்குத் திரும்ப ஆகும் நேரமே அது. கணினி ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்துக் கையாள்கிறது என்பதே பஃபர் அளவு; அது 256 சாம்பிள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கு 5.3 மில்லி விநாடி. 1024 என்றால் 21 மில்லி விநாடி. போகவும் வரவும் சேர்த்தால் பின்னது துரித காலத்தில் வாசிக்கும் மிருதங்கக் கலைஞரை நிச்சயம் குழப்பும். ஆனால் கணினிக்குள் இருக்கும் வாத்திய ஒலிகளை மிடி கீபோர்டால் வாசிப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லையோ, உங்களுக்கு அவ்வளவு இல்லை. பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் டைரக்ட் மானிட்டர் என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை இயக்கினால் உங்கள் குரல் கணினிக்குள் போகாமலேயே நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். ரீப்பரில் அந்த ட்ராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள். இல்லையேல் ஒரே குரல் இரண்டாகக் கேட்கும். இந்தத் தாமதத்தைக் குறைப்பதற்காக இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏசியோ டிரைவரையும் மறவாமல் நிறுவுங்கள்.

தாளக் கட்டத்தை மையமாகக் கொண்ட எஃப்எல் ஸ்டூடியோ, ஏபிள்டன் லைவ் போன்றவை திரையிசைக்கும் மின்னணு இசைக்கும் மிகச் சிறந்தவை. அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் துண்டு துண்டாக அமைத்து, அடுக்கி, சுழலவிடும் வேலைக்காக வடிவமைக்கப்பட்டவை அவை. நம் ஆலாபனைக்குக் கட்டம் கிடையாது. கீர்த்தனையிலும் காலப்பிரமாணம் உயிருள்ளதாகவே இருக்கும். ரீப்பரில் கட்டத்தோடு ஒட்டும் ஸ்நாப் வசதியை அணைத்துவிட்டு, கடிகார நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வேலை செய்யலாம்; சிட்டஸ்வரம் பயிற்சிக்கு மெட்ரோனோம் வேண்டுமென்றால் மிஸ்ர சாபுக்கு ஏழு, கண்ட சாபுக்கு ஐந்து என்று அமைத்துக்கொள்ளவும் முடியும். எஃப்எல் ஸ்டூடியோவின் இலவசச் சோதனைப் பதிப்பில் இன்னொன்றையும் கவனியுங்கள்: அதில் சேமித்த பணியை, உரிமம் வாங்கும்வரை மீண்டும் திறந்து தொடர முடியாது. சுருதித் திருத்த ப்ளக்இன்களுக்காக (மென்பொருளோடு இணையும் துணை நிரல்களுக்காக) எந்த மென்பொருளையும் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டாம். பன்னிரண்டு சுரத்தானங்களில் ஏதேனும் ஒன்றை நோக்கிக் குரலை இழுப்பதே அவற்றின் வேலை. தோடியின் காந்தாரத்தில் அதைப் போட்டால் கமகமே அழிந்துபோகும்.

விலையில்லாதவற்றுள் அடாசிட்டியை மதிக்கிறேன். 1999இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட அந்தத் திறமூல மென்பொருள், பாடம் பதிந்துகொள்ளவும், பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றவும் போதுமானது. குருவின் வகுப்பைப் பதிவது மட்டுமே நோக்கம் என்றால் அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. பல ட்ராக்குகளை அடுக்கி, டேக்குகளைத் தேர்ந்து, மிக்ஸ் செய்யும் வேலைக்கு அது கை கொடுக்கும் அளவு குறைவு. ப்ரோ டூல்ஸ் இன்ட்ரோ இலவசமாகவே கிடைக்கிறது. எட்டு ஆடியோ ட்ராக்குகள் உங்கள் மூவருக்குப் போதும் என்றாலும், கடமும் பின்பாட்டும் சேர்ந்தால் விரைவில் நெருக்கும். மேக் கணினி வைத்திருப்பவராக இருந்திருந்தால் கராஜ்பேண்டில் தொடங்குங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். லினக்ஸ் அன்பர்களுக்கு ஆர்டோர் இருக்கிறது. புதிய இன்டர்ஃபேஸ் வாங்கினால் பெட்டிக்குள் ஏபிள்டன் லைவ் லைட், கியூபேஸ் போன்றவற்றின் சிறு பதிப்புக்கான குறியீடு இருக்கலாம். பழையதை வாங்கினால் அந்தக் குறியீட்டை முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே பயன்படுத்தியிருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கணினிக் கடைகளில் பூட்டுடைத்த பிரதிகளை இலவசமாகவே நிறுவித் தருவார்கள். அதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். அதில் வரும் நச்சு நிரல்களுக்கு உங்கள் பதிவுகள் பலியாகலாம் என்பது ஒருபுறம். கலைஞர்களின் உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்று கேட்கும் நாமே பிறர் உழைப்பை இப்படி எடுத்துக்கொள்வது முறையல்ல.

ரீப்பரின் குறைகளையும் சொல்ல வேண்டும். அதனோடு வாத்திய ஒலிகள் எவையும் குறிப்பிடத்தக்க அளவில் வருவதில்லை. கீபோர்டில் வீணை ஒலியைத் தேடுபவர் ஏமாந்துபோவார். முதன்முறை திறந்தால் வெறுமையான சாம்பல் நிறத் திரைதான் வரவேற்கும். மெனுக்களோ முடிவின்றி நீளும். தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் பயனர் கையேடும் காணொளிகளும் தெளிவானவை என்றாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. முதல் சில நாட்கள் பொறுமை வேண்டும். பதிதல், வெட்டுதல், ஒலியளவு அமைத்தல், ஏற்றுமதி செய்தல் ஆகிய நான்கைக் கற்றுக்கொண்டால் உங்கள் தேவையில் பெரும்பகுதி நிறைவேறிவிடும். இரைச்சலைக் குறைக்க ரியாஃபிர் என்ற ப்ளக்இன் உடனேயே வருகிறது. பாடத் தொடங்குமுன் சில விநாடி மௌனத்தைப் பதிந்து, அந்த இரைச்சலின் வடிவத்தை அதற்குக் காட்டினால் கழித்துத் தரும். ஆயினும் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடுவதற்கு இணையான ப்ளக்இன் இன்னும் வரவில்லை என்பதே என் எண்ணம்; அதிகாலையில் பதிவு செய்தால் வெக்கையும் குறைவு, தெருவின் ஓசையும் குறைவு.

60 நாள் சோதனைக் காலத்தை இப்படிப் பயன்படுத்துங்கள். முதலில் தம்புராவும் குரலும் மட்டும் கொண்ட வர்ணம் ஒன்றைப் பதிந்து, வெட்டி ஒட்டிப் பழகுங்கள். அடுத்து வயலினைச் சேருங்கள். பிறகு மூவரும் அமர்ந்து ஒரு கீர்த்தனையை, நான்கு மைக்குகளுக்கும் வழியிருந்தால் சேர்ந்தே, இடையில் நிறுத்தாமல் பதிந்து பாருங்கள். இவ்வளவையும் மடிக்கணினி தடுமாறாமல் செய்துவிட்டால் உரிமத்தை வாங்குங்கள். இடையிடையே ஒலி விட்டுப்போனால் முதலில் பஃபர் அளவைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லையென்றால், அந்த 5,000 ரூபாயைக் கொண்டு பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டுக்கொண்டு, உரிமத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வையுங்கள்.