ரெஸ்லிங்குக்காக வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 25 வயது ஆகிவிட்டது. ஒன்றரை வருடம் ஒரு பள்ளியில் புரொஃபஷனல் ரெஸ்லிங் கற்றுக்கொண்டேன். சின்னச் சின்ன நிறுவனங்களின் நிகழ்ச்சிகளில் இதுவரை 11 மேட்ச் ஆடியிருக்கிறேன். பாதி இடங்களில் காசே தருவதில்லை. “நாலு பேருக்குத் தெரிய வருகிறாயே, அது போதாதா?” என்கிறார்கள். இப்போது பார்க்கும் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கிவிடலாமா? போன மேட்ச்சுக்குப் பிறகு இரண்டு நாள் தலை கனமாக இருந்தது. அது சகஜம்தானே?

பதில்: நீங்கள் போகிற போக்கில் கேட்ட கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சகஜம் இல்லை. விழுந்த பிறகு இரண்டு நாள் தலை கனத்தது என்றால், மூளை அதிர்ந்திருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் சரி என்று சொல்லும்வரை ரிங் ஏறக் கூடாது, பயிற்சியிலும் விழக் கூடாது. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்; அரிது, ஆனால் நடக்கும். தலைவலி கூடிக்கொண்டே போவது, வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், பேச்சுக் குழறல் இதில் எது வந்தாலும் அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

பிரையன் டேனியல்சனைத் தெரிந்திருக்கும். சின்ன அரங்குகளில் பல வருடம் மோதி, டபிள்யூ.டபிள்யூ.இ.யின் உச்சிக்குப் போனவர். தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால் 2016-இல் ஓய்வை அறிவித்தார். 2018-இல்தான் மருத்துவர்கள் மறுபடி அனுமதித்தார்கள். பெரிய நிறுவனத்தில் இருந்ததால் நிறுத்தி வைக்க ஒருவராவது இருந்தார். தனியாக ஆடும் உங்களை நிறுத்த உங்களைத் தவிர யாரும் இல்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் கேட்ட வேலை விஷயத்துக்கும் பதில் இங்கேதான் தொடங்குகிறது. இந்தத் தொழிலில் உங்கள் மூலதனம் என்பது உடம்பு. ஒவ்வொரு பம்ப்பும், அதாவது நீங்கள் விழும் ஒவ்வொரு விழுதலும், அந்த மூலதனத்தில் கை வைப்பது. டிவியில் பார்க்கிறவர்களுக்கு ரிங் மெத்தை மாதிரி தெரியும். நீங்களே ரிங் மாட்டியிருப்பீர்கள், உள்ளே இருப்பது தெரியும்: இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, மெல்லிய ஃபோம், அதற்கு மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். அவ்வளவுதான். தாடையை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, மேல்முதுகு முழுக்க ஒரே சமயத்தில் படும்படி விழுந்து, உள்ளங்கைகளால் பலகையை அறைந்தால் அடி பரவிப் போகும். களைப்பு வந்ததும் முதலில் தளர்வது கழுத்து. தாடை ஒரு அங்குலம் மேலே போனால் போதும், பின்மண்டை பலகையில் மோதும். உங்கள் போன மேட்ச்சின் வீடியோ இருந்தால் கடைசி மூன்று நிமிடத்தைத் தாடையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேயே இருக்கும்.

சரி, காசுக்கு வருவோம். அமெரிக்காவில் கூட சின்ன நிகழ்ச்சிகளில் புதியவருக்கு 25 டாலர், 50 டாலர் தருவது வழக்கம். நான்கு பேர் ஒரே காரில் போய், பெட்ரோலைப் பங்கு போட்டு, வழியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் கையில் என்ன நிற்கும் என்று கணக்குப் போடுங்கள். மேட்ச் பணத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிற தனி ரெஸ்லர்கள் மிகக் குறைவு. மற்றவர்களுக்கு அரங்கின் ஓரத்தில் போடும் டி-ஷர்ட் மேசைதான் சோறு போடுகிறது. டி-ஷர்ட், கையெழுத்திட்ட படம், ரசிகர்களோடு போட்டோ, அப்புறம் பயிற்சி வகுப்பு. ஜோடியாக ஆடும் யங் பக்ஸ் சகோதரர்கள் டி-ஷர்ட் விற்றே பெயரும் பணமும் சேர்த்தவர்கள். 2018 செப்டம்பரில் அவர்களும் டபிள்யூ.டபிள்யூ.இ.யை விட்டு வந்திருந்த ரெஸ்லர் கோடி ரோட்ஸும் சேர்ந்து, பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல், சிகாகோ அருகே ‘ஆல் இன்’ என்ற நிகழ்ச்சிக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் திரட்டினார்கள். அதை உங்கள் திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள். மேசையை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்.

மேசையில் ஒரு சங்கடம் உண்டு. நீங்கள் ஹீல், அதாவது வில்லன் வேடம் என்றால், அரை மணி நேரம் திட்டு வாங்கிவிட்டு இடைவேளையில் பல்லைக் காட்டிக்கொண்டு படம் விற்க முடியாது. என் ஹீல் நாட்களில் நான் முகத்தைக் கடுகடுவென வைத்துக்கொண்டு, நோட்டைப் பிடுங்குவது போல வாங்கி, டி-ஷர்ட்டைத் தூக்கிப் போடுவேன். சிரித்து விற்ற நாட்களைவிட அதில்தான் அதிகம் விற்றது. குழந்தைகள் இரண்டாம் தடவை திட்டு வாங்க வரிசையில் நிற்பார்கள்.

இலவச மேட்ச் எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். முதல் பத்து மேட்ச் உங்கள் கல்விச் செலவு என்று விடுங்கள். அதற்குப் பிறகும் காசு இல்லை என்றால், பதிலுக்கு வேறு ஏதாவது கைக்கு வர வேண்டும்: நல்ல கேமராவில் எடுத்த முழு வீடியோ, உங்களைவிட பத்து வருடம் அனுபவம் கூடிய எதிராளி, மேசை போட வாடகையில்லாத இடம். இதில் ஒன்றுகூட இல்லாமல் “தெரிய வருகிறாயே” என்பவரிடம், அன்று டிக்கெட் எத்தனை விற்றது என்று மட்டும் கேளுங்கள். பேச்சு மாறும்.

வேலையை இப்போது விட வேண்டாம். சம்பளத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. மாதச் சம்பளம் இருப்பவரால் “இந்த வாரம் உடம்பு சரியில்லை, வரவில்லை” என்று சொல்ல முடியும். வாடகை பாக்கி இருப்பவரால் முடியாது. வலிக்கிற தலையோடு ஏறிவிடுவார். நான் ஒரு முறை விரல் முறிந்த கையோடு ஏறினேன், அந்த மாத வாடகைக்காக. அந்த விரல் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. ஒரு வருடம் தொடர்ந்து, பயணச் செலவு போக ரெஸ்லிங்கில் மட்டும் சம்பளத்தில் பாதி வந்து, ஆறு மாதச் செலவு கையிருப்பிலும் இருந்தால் அப்போது யோசிக்கலாம். காயத்துக்கான காப்பீட்டை அதற்கும் முன்னால் பாருங்கள். பல பாலிசிகள் மோதல் விளையாட்டுகளை ஒதுக்கிவிடும், அந்தப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வயது போகிறதே என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஏ.ஜே. ஸ்டைல்ஸ் 1998-இல் தொடங்கினார், டபிள்யூ.டபிள்யூ.இ. ரிங்கில் பெரிதாக அறிமுகமானது 2016-இல், 38 வயதில். டைமண்ட் டாலஸ் பேஜ் முழு ரெஸ்லராக ஆனதே 35 வயதுவாக்கில்தான். 25 எல்லாம் ஒன்றுமே இல்லை.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. மேடைப் பெயரை உங்கள் பெயரில் பதிவு செய்து வையுங்கள். கோடி ரோட்ஸ் 2016-இல் டபிள்யூ.டபிள்யூ.இ.யை விட்டு வந்தபோது அந்தப் பெயரின் உரிமை நிறுவனத்திடம் இருந்ததால் ‘ரோட்ஸ்’ என்று போட்டுக்கொள்ள முடியாமல் பல வருடம் வெறும் ‘கோடி’யாக ஆட வேண்டியிருந்தது. அடுத்தது, வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால் சுற்றுலா விசாவில் கிளம்பிவிடாதீர்கள். ரிங் பூட்ஸைப் பையில் பார்த்ததுமே அதிகாரி கேள்வி கேட்பார். அமெரிக்காவுக்கு என்றால் பி-1 (P-1), ஓ-1 (O-1) வகை வேலை விசாக்கள் இருக்கின்றன. அழைக்கிறவர் மனுப் போடத் தயாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்த மேட்ச் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. தேதி குறித்திருந்தால் நிகழ்ச்சி நடத்தும் புரமோட்டருக்கு இன்றே செய்தி அனுப்புங்கள்: “தலையில் அடி, மருத்துவர் சொல்லும்வரை ஆட மாட்டேன்.” அதற்குள் தலைவலி முழுதாகப் போயிருந்தால் மேசையில் உட்கார மட்டும் வருகிறேன் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு அவர் என்ன பதில் போடுகிறார் என்பதை எனக்கும் எழுதுங்கள். அவரிடம் இனிமேல் ஆடலாமா வேண்டாமா என்று அதை வைத்துப் பேசுவோம்.