கால் வலிக்குத் தண்டுவடத்தில் கருவி வைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. டிஸ்க் ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இடது காலில் எரிச்சலும் சுரீர் என்று இழுக்கும் வலியும் இன்னும் போகவில்லை. நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை போட்டால் பகலெல்லாம் தூங்குகிறார். தண்டுவடத்தில் ஸ்டிமுலேட்டர் பொருத்தலாம் என்கிறார் மருத்துவர். பல லட்சம் செலவாகுமாம். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதே சம்மதிக்க வேண்டாம், அம்மா. அதற்காக ஒரேயடியாக மறுத்துவிடவும் வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகும் காலில் தங்கிவிட்ட நரம்பு வலிக்குத்தான் இந்தக் கருவியை அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

முதலில் புதிதாக ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள். டிஸ்க் மறுபடி பிதுங்கி நரம்பை அழுத்தினால் அதற்கான வைத்தியமே வேறு. மாத்திரையிலும் இன்னும் வழி இருக்கிறது. பிரிகாபலின் அளவைக் குறைக்கலாம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து மாற்றலாம், நரம்பு வலிக்குக் கொடுக்கும் வேறு மருந்துகளான டுலாக்சடினோ இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலினோ கொடுத்துப் பார்க்கலாம். எதையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியின் பலன் பெரும்பாலும் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள்.

இனி கருவி. தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய ஒயர்களை வைத்து, பேட்டரியைத் தோலுக்கடியில் புதைப்பார்கள். ஒயர் வழியே போகும் லேசான மின்துடிப்பு வலியைக் குறைக்கலாமே தவிர, கெட்ட நரம்பைச் சரிசெய்யாது. 2007இல் வெளியான ஆய்வில் உங்கள் கணவரைப் போன்ற 100 பேர் இருந்தார்கள். ஆறு மாதத்தில் கால் வலி பாதியாவது குறைந்தவர்கள், கருவி வைத்தவர்களில் 48 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 9 சதவீதம். அதே ஆய்வில், கருவி வைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் ஒயர் நகர்வது, தொற்று போன்ற தொல்லைகள் வந்தன. 2022இல் நார்வேயில் 50 பேருக்குக் கருவியைப் பொருத்தி, அவர்களுக்கே தெரியாமல் மாற்றி மாற்றி ஓடவிட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். அன்றாட வேலைகளைச் செய்வதில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அதில் சோதித்தது ஒருவகை மின்துடிப்பை மட்டும்தான். இருந்தாலும், ‘நிச்சயம் குணமாகும்’ என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அதனால் சோதனைக் காலத்தை விடாதீர்கள். ஊசி வழியாக ஒயரை மட்டும் செலுத்தி, பேட்டரியை வெளியே வைத்து, சுமார் ஒரு வாரம் பார்ப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாகப் பொருத்துவது வழக்கம். என்னைக் கேட்டால் அது மட்டும் போதாது. எவ்வளவு தூரம் நடந்தார், இரவில் எத்தனை முறை விழித்தார் என்று தினமும் எழுதி வையுங்கள். சோதனைக்கு முந்தைய வாரமும் இதே கணக்கை எழுதினால்தான் ஒப்பிட முடியும். நடையும் தூக்கமும் மாறவில்லை என்றால், செலவழித்தாகிவிட்டதே என்று தயங்காமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை: பேட்டரி எத்தனை வருடம் வரும், மாற்ற எவ்வளவு ஆகும், பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா, காப்பீடு எவ்வளவு தரும். சர்க்கரை இருந்தால் முதலில் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். தொற்று பயம் குறையும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இதற்கிடையே காலில் திடீரென்று பலம் குறைந்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ எந்த ஆலோசனைக்கும் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள்.